கட்டுவிரியன் கடி: 108-ஐ எப்போது அழைப்பது

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் பாய் விரித்துத் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கிறது. அதன் நச்சுப்பல் சிறியது. கடித்த இடத்தில் வீக்கமோ பெரிய வலியோ இருக்காது. பல்தடம்கூடத் தெரியாமல் போகலாம். எறும்பு கடித்ததாக நினைத்துத் திரும்பிப் படுத்துவிடுபவர்கள் உண்டு. ஆகவே காயத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது, ஆளைப் பார்க்க வேண்டும்.

முதலில் வயிறு. தரையில் படுத்தவர் நடுநிசியிலோ விடியற்காலையிலோ வயிற்றுவலி, வாந்தி, தொண்டைவலி என்று எழுந்தால், அஜீரணம் என்று சோடா கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பது ஆபத்து. அடுத்தது கண். விளக்கைப் போட்டு, நேராகப் பார்க்கச் சொல்ல வேண்டும். இமை பாதியிலேயே நிற்கிறதா, நெற்றியைச் சுருக்கிக் கண்ணைத் திறக்கப் பார்க்கிறாரா, ஒரு விரலைக் காட்டினால் இரண்டு என்கிறாரா? பேச்சு குழறுவதும், எச்சிலை விழுங்க முடியாமல் வாயோரம் வழிவதும், தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவதும் நஞ்சு நரம்பைப் பிடித்துவிட்டதன் அடையாளம். அடுத்து நிற்கப்போவது மூச்சு.

இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே 108. பாம்பு கடித்திருக்குமோ என்ற சந்தேகமே அழைக்கப் போதும். அறிகுறிக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. ஊர், தெரு, பக்கத்திலுள்ள கோயில் அல்லது பள்ளி, மூச்சு எப்படி இருக்கிறது ஆகியவற்றைச் சொல்ல வேண்டும். வண்டி வரும்வரை அவரை நடக்க விடக் கூடாது. வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கயிறு கட்டுவது, கீறுவது, வாய்வைத்து உறிஞ்சுவது எதுவும் வேண்டாம். குடிக்கவும் எதுவும் கொடுக்கக் கூடாது.

பாம்பைத் தேடி அடிப்பது வீண் வேலை. இந்தியாவில் போடப்படும் நஞ்சுமுறி மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் பொது. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் நஞ்சிலிருந்தும் அது தயாராகிறது. ரத்தத்தில் சுற்றும் நஞ்சைத்தான் அது முறிக்கும். நரம்பு முனையில் ஏறிவிட்டதை எளிதில் மீட்காது. இந்தக் கடியில் நேரத்துக்கு இவ்வளவு மதிப்பு இருப்பது அதனால்தான்.

கண் திறக்காமல், கைகால் அசையாமல் கிடப்பவரை இறந்துவிட்டார் என்று விட்டுவிடக் கூடாது. அவருக்கு நினைவு தெளிவாக இருக்கலாம், சுற்றிலும் பேசுவது காதில் விழலாம். செயற்கைச் சுவாசக் கருவியில் சில நாள் இருந்து, பிறகு தானாக மூச்சுவிட்டு எழுந்து வீடு திரும்பியவர்கள் உண்டு.