கண் எரிச்சலும் தீவனக் கணக்கும்

கேள்வி: ராசிபுரம் பக்கம் லேயர் பண்ணை வைத்திருக்கிறேன். கோழிகளுக்கு 50 வாரம் ஆகிறது. ஷெட்டுக்குள் போனாலே கண் எரிகிறது. நாற்றம், ஈ என்று ஊர்க்காரர்கள் சண்டைக்கு வருகிறார்கள். கூண்டுக்கு அடியில் சுண்ணாம்பு தூவியும் அடங்கவில்லை. முட்டை குறையக் கூடாதென்று 19 சதவீதப் புரதத் தீவனம் போடுகிறேன். யூக்கா பவுடர் கலக்கலாமா, ஐயா?

பதில்: முதலில் சுண்ணாம்பை நிறுத்துங்கள். ஈரத்தை இழுக்கும், சரி. ஆனால் அது காரம். எச்சத்தில் காரம் ஏற ஏற அம்மோனியா இன்னும் வேகமாகக் கிளம்பும்.

கோளாறு அந்த 19-இல் இருக்கிறது. புரதத்தில் 16 சதவீதம் நைட்ரஜன். முட்டைக்கும் உடம்புக்கும் போக மிஞ்சியதைக் கோழி யூரிக் அமிலமாகக் கழிக்கிறது. எச்சத்தின் மேல் படியும் வெள்ளை அதுதான். ஈரம் கிடைத்ததும் பாக்டீரியா அதை அம்மோனியாவாக்கிவிடும். காசு கொடுத்து வாங்கிய சோயா புண்ணாக்கு கண் எரிச்சலாகத் திரும்பி வருகிறது. மிச்சப் புரதத்தைக் கழிப்பதில் உடல் சூடும் ஏறும். சித்திரை வெயிலில் இது வேறு வேண்டுமா?

இந்த வயதுக்கு 16, 16.5 போதும். சோயாவைக் குறைத்து மக்காச்சோளத்தைக் கூட்டுங்கள். ஆனால் வெறுமனே குறைத்தால் முட்டை சிறுத்துவிடும். மெத்தியோனைன், லைசின் இரண்டையும் கணக்குப் பார்த்துச் சேர்க்க வேண்டும். டன்னுக்கு ஓரிரு கிலோதான் வரும் என்பதால் நேரே மிக்சரில் கொட்டாதீர்கள்; கொஞ்சம் சோள மாவில் கலந்துகொண்டு பிறகு போடுங்கள். புரதம் ஒரு சதவீதம் இறங்கினால் அம்மோனியா சுமார் பத்து சதவீதம் இறங்கும்.

அடுத்தது உப்பு. கருவாட்டுத்தூள் போடுபவர்கள் அதிலுள்ள உப்பைக் கணக்கில் சேர்ப்பதே இல்லை. போர் தண்ணீரும் உப்பாக இருந்தால் கோழி தண்ணீராகக் குடித்து, தண்ணீராகவே கழியும். ஈ முட்டையிட அதைவிட நல்ல இடம் கிடையாது. ஒழுகும் நிப்பிள்களையும் மாற்றிவிடுங்கள். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வுக் கூடம் இருக்கிறது. தீவன மாதிரியை அங்கே கொடுத்துப் பாருங்கள்.

யூக்கா ஓரளவு உதவும். இவற்றையெல்லாம் சரிசெய்த பிறகும் தேவைப்பட்டால் வாங்கலாம்.

புரதத்தை ஒரே நாளில் இறக்காமல் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக இறக்குங்கள். வாரம் ஒருமுறை ஒரு தட்டு முட்டையை நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் மறுபடி சோயாவைக் கூட்டாமல், மெத்தியோனைன் சரியாகக் கலந்ததா என்று மிக்சர் ஆளிடம் கேளுங்கள்.