ஊசிக்குப் பிறகு பேசினான், சரி, ஊசியால்தான் பேசினானா?

நம்பிக்கை: “ஆட்டிசத்துக்கு ஊசி போட்ட ஆறே மாதத்தில் பிள்ளை பேச ஆரம்பித்துவிட்டான். இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?”

பழவேற்காடு ஏரியில் பாடு முறையில், அதாவது இடங்களை முறைவைத்துப் பகிர்ந்து, மீன்பிடிக்கிறவர்களிடம் ஒரு புது வலையைப் பற்றி இப்படிச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பாடு, முகத்துவாரம் திறந்திருந்ததா, மழைத்தண்ணீர் இறங்கியதா என்று கேட்பார்கள். வறண்ட மாதத்தில் வாங்கிய வலையில் ஐப்பசி மழைக்குப் பின் இறால் ஏறினால், அந்தப் பெருமை முழுவதையும் வலைக்குக் கொடுக்கமாட்டார்கள். ஆட்டிசத்துக்கான சிகிச்சையிலும் அதே சந்தேகம் தேவை. பிள்ளை உறக்கமின்றி, அடங்காமல் தவிக்கிற நாட்களில்தான் கடன் வாங்கியாவது வைத்தியம் தேடுகிறோம். மோசமான கட்டம் பல நேரம் தானாகவே சற்றுத் தணியும். ஆறு மாதத்தில் பிள்ளைக்கு வயதும் ஏறுகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளையும் வளர்கிற பிள்ளைதான்.

பெற்றவளுக்குத் தெரியாதா என்பார்கள். தெரியும், ஆனால் அவள் கண்ணோடு ஆசையும் சேர்ந்து பார்க்கிறது. செக்ரிட்டின் என்ற செரிமான ஹார்மோன் கொடுத்த 3 பிள்ளைகள் தேறியதாக 1998-ல் அமெரிக்காவில் ஒரு செய்தி வெளியாக, பெற்றோர் அதைத் தேடி அலைந்தார்கள். மறு ஆண்டே 60 பிள்ளைகளைக் குலுக்கல் முறையில் பிரித்துச் சிலருக்கு அந்த மருந்தையும் சிலருக்கு வெறும் உப்புநீரையும் ஏற்றினார்கள். இரு பிரிவிலும் முன்னேற்றம் தெரிந்தது, வித்தியாசம்தான் இல்லை. முடிவைச் சொன்ன பிறகும் 69 சதவீதப் பெற்றோர் அந்த மருந்தில் ஆர்வமாகவே இருந்தார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இன்று அந்த இடத்தில் ஸ்டெம்செல் சிகிச்சை. அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஒப்பீட்டுக் குழு இல்லாமல் 25 பிள்ளைகளுக்கு ஸ்டெம்செல் உள்ள தொப்புள்கொடி ரத்தம் ஏற்றியபோது முன்னேற்றம் தெரிந்தது. அதே ஆய்வாளர்கள் 2020-ல் 180 பிள்ளைகளிடம் போலி மருந்தோடு ஒப்பிட்டபோது, முதன்மையாக அளந்த சமூகப் பழகுதிறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. நம் தேசிய மருத்துவ ஆணையமும் 2022-ல் ஆட்டிசத்துக்கு ஸ்டெம்செல் சிகிச்சையைப் பரிந்துரைக்கவில்லை.

இப்படியெல்லாம் சோதிப்பது பணக்கார நாட்டுக்குத்தான் கட்டுப்படியாகும் என்பது இன்னொரு மறுப்பு. ஆனால் கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2016-ல் வெளியானது. நிபுணர் அல்லாத பணியாளர்கள் ஒரு பிரிவுப் பெற்றோருக்குப் பிள்ளையோடு பழகும் விதத்தைப் பயிற்றுவித்தார்கள். விளையாட்டை வீடியோ எடுத்து, பயிற்சி யாருக்குக் கிடைத்தது என்று அறியாதவர்கள் மதிப்பெண் போட்டார்கள். பிள்ளைகள் தாமாகப் பேச்சையோ சைகையையோ தொடங்குவது கூடியது. பெற்றோரும் பிள்ளையும் ஒன்றிலேயே கவனம் வைத்த நேரம் குறைந்தது. அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறார்கள்.