மார்கழியில் தும்முற வண்டி: பாகத்தை மாற்றும் முன் நோட்டில் எழுதுங்கள்

வங்கியில் முப்பத்து நாலு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது திருமழிசைக்கு மேற்கே இரண்டரை ஏக்கரில் கீரையும் காயும் போட்டுக்கொண்டிருக்கிறேன். நம் இதழில் வழக்கமாக மண், விதை, மூடாக்கு பற்றித்தான் பேசுகிறோம். இந்தத் தடவை, விளைந்ததைச் சந்தைக்குக் கொண்டுபோகிற வண்டியைப் பற்றி எழுதுகிறேன். மருந்தடிக்காத கீரைக்கும் மருந்தடித்த கீரைக்கும் வாடுகிற விஷயத்தில் வித்தியாசம் கிடையாது. ஏழு மணிக்குள் பூந்தமல்லி போய்ச் சேரவில்லையென்றால் அன்றைய உழைப்பு மாட்டுக்குத்தான்.

என்னிடம் இருப்பது ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். பின்னால் சுமைத் தொட்டி, முன்னால் கார்புரேட்டர் என்ஜின். "இதை வித்துட்டு லோன் போட்டு புதுசு எடுங்க" என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். ஊருக்கெல்லாம் வண்டிக்கடன் கொடுத்த ஆள் நான். தவணை கட்ட முடியாமல் வந்து நின்றவர்களின் முகம் இன்னும் மறக்கவில்லை. அதனால் இருக்கிற வண்டியையே ஓட்டுவது என்று முடிவு.

நடந்தது இதுதான்

மார்கழி பிறந்ததும் தொல்லை ஆரம்பித்தது. விடிகாலை ஐந்து மணிக்கு சோக்கை இழுத்தால் நன்றாக ஸ்டார்ட் ஆகும். சோக்கைத் தள்ளிவிட்டு இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் இழுவை குறையும், குலுங்கும், கார்புரேட்டரில் 'டப் டப்' என்று தும்மும், நின்றுவிடும். பத்து நிமிஷம் கழித்துச் சாவி போட்டால் ஒன்றும் நடக்காதது போல ஓடும்.

மெக்கானிக்கிடம் போனேன். ஸ்பார்க் பிளக் மாற்றினார். சரியாகவில்லை. கார்புரேட்டர் கிட் போட்டார். அடுத்து பெட்ரோல் பம்ப். கடைசியில் வேறொரு கார்புரேட்டரே மாற்றியாகிவிட்டது. 11,400 ரூபாய் போனது, தும்மல் போகவில்லை. ஒரு நாள் நானூறு கட்டு அரைக்கீரையோடு மெயின் ரோட்டில் நின்றோம். உதவிக்கு வரும் தம்பி அவசரத்தில் ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டர் வாயில் பெட்ரோல் ஊற்றிவிட்டான். நான் சாவி போட்டேன். தீ மேலே வந்தது. கீரை மேல் போர்த்தியிருந்த ஈரச் சாக்கை எடுத்து அமுக்கினோம். புருவம் கருகியதோடு தப்பித்தான். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் இல்லை.

நோட்டு சொன்ன உண்மை

மறுநாள் பழைய புத்தி வேலை செய்தது. கணக்கு இடிக்கிறதென்றால் முதலில் எந்தத் தேதியிலிருந்து இடிக்கிறது என்று பார்ப்போமே, அது மாதிரி ஒரு நோட்டு போட்டேன். கிளம்பிய நேரம், பனி உண்டா, எத்தனை கிலோமீட்டரில் நின்றது, எவ்வளவு நேரத்தில் சரியானது என்று எழுதினேன். இருபத்து மூன்று நாளில் ஒன்பது தடவை நின்றிருந்தது. ஒன்பதும் காலை ஆறரைக்கு முன். ஒன்பதும் செம்பரம்பாக்கம் ஏரிப் பக்கமிருந்து பனி மூடி வந்த நாட்கள். எட்டு மணிக்குக் கிளம்பிய ஒரு நாள்கூட நிற்கவில்லை.

மெக்கானிக் கையில் வண்டி எப்போது கிடைத்தது? பத்து மணி வெயிலில். நோய் வருகிற நேரத்தில் வைத்தியர் நோயாளியைப் பார்த்ததே இல்லை!

நோட்டை அம்பத்தூர் தொழிற்பேட்டையில் முப்பது வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரிடம் காட்டினேன். படித்துவிட்டு, "சார், நாளைக்கு விடியக்காலைல நானும் வர்றேன்" என்றார். வந்தார். வண்டி நின்றது. என்ஜினை அணைக்கச் சொல்லிவிட்டு, "கார்புரேட்டர் அடியில கை வெச்சுப் பாருங்க" என்றார். வைத்தேன். ஐஸ் பெட்டியைத் தொட்ட மாதிரி இருந்தது; மேலெல்லாம் நீர் முத்து முத்தாக நின்றது. ஏர் கிளீனரை எடுத்து டார்ச் அடித்தபோது உள்ளே திராட்டில் தகட்டின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருந்தது. பனிக்கட்டி. பத்து நிமிஷத்தில் அது உருகிக் காணாமல் போனது. வண்டி ஸ்டார்ட் ஆனது.

சென்னையில் ஐஸ் எப்படி?

இருபது டிகிரியில் ஐஸ் கட்டுமா என்றுதான் நானும் கேட்டேன். மண்பானைத் தண்ணீர் ஏன் குளிர்கிறது? கசிகிற நீர் ஆவியாகும்போது பானையின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. கார்புரேட்டரிலும் அதே கதைதான். குறுகலான கழுத்தில் காற்று வேகமாகப் பாயும்போது அழுத்தம் குறைந்து பெட்ரோல் உறிஞ்சப்படுகிறது. அது ஆவியாக மாறும்போது சுற்றியுள்ள சூட்டை இழுக்கிறது. உள்ளே 20 டிகிரிக்கு மேல்கூட வெப்பம் இறங்கும். வெளியில் 20, 21 டிகிரி, காற்றில் ஈரம் நிறைய என்றால் அந்த ஈரம் உள்ளே உறைந்துவிடும். பழைய சிறு விமானங்களில் இதற்காகவே கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் நெம்புகோல் வைத்திருந்தார்கள்.

இன்னொரு காரணமும் உண்டு. 2023 பிப்ரவரியில் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. இன்று பங்கில் ஊற்றுவது பெரும்பாலும் அதுதான். கரும்பிலிருந்தும் மக்காச்சோளம், அரிசியிலிருந்தும் எடுக்கும் எத்தனால் ஆவியாவதற்கு, அதே எடை பெட்ரோலைவிட ஏறக்குறைய இரண்டரை மடங்கு வெப்பம் தேவை. அப்படியென்றால் கார்புரேட்டர் முன்பைவிட அதிகம் குளிரும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், பழைய ரப்பர் குழாய்களையும் அரிக்கும். புது வண்டிகள் இதற்கு ஏற்றபடி வருகின்றன. நம் பழைய வண்டிகள் அப்படியல்ல.

சரி, போன வருஷங்களில் ஏன் இவ்வளவு தொல்லை இல்லை? பெரியவர் ரேடியேட்டரின் மேல் குழாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "தெர்மோஸ்டாட்டை எடுத்துட்டாங்க சார்" என்றார். நினைவுக்கு வந்தது. அந்தக் கோடையில் வண்டி சூடேறியபோது ஒரு பட்டறையில், "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று கழற்றிப் போட்டார்கள். நானும் தலையாட்டினேன். தண்ணீர் சுமார் 80 டிகிரி வரும்வரை அதை ரேடியேட்டருக்கு விடாமல் தடுப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை. என் வண்டியில் கலவை போகும் இன்டேக் வழி என்ஜின் ஹெட்டோடு சேர்த்து வார்த்தது. சுற்றி ஓடும் வெந்நீர்தான் அதைச் சூடாக்கும். தெர்மோஸ்டாட் இல்லாததால் விடிகாலைக் குளிரில் என்ஜின் சூடேறவே இல்லை. பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் படிந்தது, கார்புரேட்டரும் உறைந்தது. கோடையில் சூடேறியதற்கு உண்மைக் காரணம் ரேடியேட்டர் அடைப்பு. அதைச் சுத்தம் செய்து, 450 ரூபாயில் புது தெர்மோஸ்டாட்டும் கேஸ்கெட்டும் போட்டோம்.

வரிசையாகப் பார்க்க வேண்டியவை

உங்கள் வண்டிக்கும் இதுவேதான் நோய் என்று நினைக்க வேண்டாம். குளிர் புதிதாக எதையும் கெடுப்பது குறைவு. ஏற்கெனவே உள்ள குறையைக் காட்டிக்கொடுக்கும். ஆகவே செலவில்லாததிலிருந்து ஆரம்பியுங்கள்.

1. பேட்டரியும் தீப்பொறியும்: ஓய்வில் பேட்டரி 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியில் பனி ஈரம் இருந்தால் காய்ந்த துணியால் துடையுங்கள். பிளக்கைக் கழற்றிப் பாருங்கள்: கருப்புக் கரி என்றால் பெட்ரோல் அதிகம், வெளிறியிருந்தால் குறைவு, நனைந்திருந்தால் பொறி இல்லை அல்லது மிதமிஞ்சிய பெட்ரோல்.

2. சோக்: என்ஜினை அணைத்துவிட்டு ஏர் கிளீனரை எடுங்கள். ஒயரை இழுத்தால் தகடு முழுக்க மூட வேண்டும். தள்ளினால் முழுக்கத் திறக்க வேண்டும். ஒயர் தளர்ந்து பாதியில் நிற்பதே பல வண்டிகளின் நோய்.

3. பெட்ரோல்: கார்புரேட்டர் கிண்ணத்தில் உள்ளதைக் கண்ணாடிப் பாட்டிலில் வடித்து ஒரு ராத்திரி வையுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். குழாய் வெடிப்பு, ஃபில்டர் அடைப்பு இரண்டையும் கூடவே பாருங்கள்.

4. காற்றுக் கசிவு: ஐடிலில் ஓடும்போது கார்புரேட்டர் அடி கேஸ்கெட்டைச் சுற்றிச் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். உள்ளே உறிஞ்சினாலோ ஓட்டம் மாறினாலோ கசிவு அங்கேதான். இதற்குப் பெட்ரோலைத் தெளிக்காதீர்கள்.

5. சூடு: குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்து ரேடியேட்டர் மேல் குழாயைத் தொடுங்கள், கை ஃபேன் பக்கம் போகக் கூடாது. சில நிமிஷம் குளிர்ச்சியாக இருந்து பிறகு சட்டென்று சூடானால் தெர்மோஸ்டாட் வேலை செய்கிறது. ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்ல வெதுவெதுப்பானால் அது இல்லை, அல்லது திறந்தபடி மாட்டிக்கொண்டது. சில வண்டிகளில் சைலன்சர் மேனிஃபோல்டிலிருந்து ஏர் கிளீனருக்குச் சூடான காற்றுக் குழாய் வரும். அதைத் தொலைத்திருக்கிறோமா என்று பாருங்கள்.

6. கலவை ஸ்குரூ: இது கடைசி. என்ஜின் நன்றாகச் சூடான பிறகு, எத்தனை சுற்று திருப்பினோம் என்று எழுதிக்கொண்டு, அரைச் சுற்றாக மட்டும் திருப்புங்கள். நம்மில் பலர் முதலில் கை வைப்பது இதில்தான்.

இரண்டு எச்சரிக்கை. கார்புரேட்டர் வாயில் ஒருபோதும் பெட்ரோல் ஊற்றாதீர்கள். மூடிய ஷெட்டுக்குள் சோக் போட்டு என்ஜினைச் சூடேற்றாதீர்கள். அந்தப் புகையில் உள்ள கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஆளைக் கொன்றுவிடும்.

களை எடுக்கும் பவர் வீடர், புல் வெட்டும் கருவி, சின்ன பெட்ரோல் பம்ப்செட் வைத்திருப்பவர்களுக்கும் முதல் நான்கு விஷயங்கள் பொருந்தும். வேலை முடிந்து ஒரு மாதம் சும்மா வைப்பதானால் கிண்ணத்தை வடித்துவிட்டு வையுங்கள். கொடைக்கானல், ஊட்டிப் பக்கத்து நண்பர்களுக்கு இந்தத் தொல்லை இன்னும் கூடுதலாக இருக்கும். தெர்மோஸ்டாட்டைக் கழற்ற யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

தெர்மோஸ்டாட் போட்டபின் தை மாதம் முழுக்க வண்டி நிற்கவில்லை. ஒரே ஒரு நாள் தும்மியது. நான் சோக்கைச் சீக்கிரம் தள்ளிவிட்டேன் என்று நோட்டில் இருக்கிறது. லிட்டருக்கு ஒன்றரை கிலோமீட்டர் கூடவும் கிடைக்கிறது. தம்பிக்குப் புருவம் முளைத்துவிட்டது. இப்போது வண்டி கொஞ்சம் முனகினால் அவன் ஸ்பானரைத் தேடுவதில்லை, "ஐயா, நோட்டு எங்க?" என்றுதான் கேட்கிறான்.