தேதியோடு ஒரு கையெழுத்து

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. கோடவுன் கோடவுனாக ஏறி இறங்கி மிளகுக்குச் சாம்பிள் எடுத்து, லிட்டர் வெயிட்டும் ஈரப்பதமும் பார்த்து, பழைய விலைகளை அடுக்கி நீ தயாரித்த அறிக்கை உன் மேனேஜர் பெயரில் முதலாளி மேஜைக்குப் போய்விட்டது. பாராட்டும் அவருக்கே. கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்கிறாய். அவசரப்படாதே. உன் கொச்சியிலேயே இதற்கு 350 வருடப் பாடம் ஒன்று இருக்கிறது.

மட்டாஞ்சேரியில் நீ தினமும் தாண்டிப் போகும் டச்சு அரண்மனையைப் போர்த்துக்கீசியர் கட்டினார்கள், டச்சுக்காரர் செப்பனிட்டார்கள். பெயர் டச்சுக்காரருக்கு நின்றுவிட்டது. அதை விடு. அந்த டச்சுக்காரர்களில் ஒருவர் ஹென்ட்ரிக் வான் ரீட், மலபாரின் கமாண்டர். இங்குள்ள செடி கொடிகளைப் பற்றி ‘ஹோர்ட்டூஸ் மலபாரிக்கூஸ்’ என்ற லத்தீன் நூலைக் கொண்டுவந்தார். 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகள். 700-க்கும் மேற்பட்ட தாவரங்கள். முகப்பில் அவர் பெயர்.

உள்ளே இருக்கும் உழைப்பு யாருடையது? செடிகளின் குணத்தைச் சொன்னவர் சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டவர் துபாஷி இம்மானுவேல் கார்னேரோ. ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் என்ற கொங்கணி வைத்தியர்கள் தங்கள் நிகண்டை வைத்துத் தகவல் தந்தார்கள். தொடக்கத் தொகுதிகளின் லத்தீன் நடைகூடக் கசேரியஸ் என்ற பாதிரியாருடையது.

இந்த உள்ளூர்க்காரர்களை நமக்கு எப்படித் தெரியும்? முதல் தொகுதியில் அவர்கள் கொடுத்த சான்றிதழ்கள் அச்சாகியிருக்கின்றன. இட்டி அச்சுதனுடையது அவர் கையெழுத்திலேயே, கோலெழுத்து என்ற பழைய மலையாள எழுத்தில் இருக்கிறது. தான் எந்த ஊர், எந்த வீடு, யார் சொல்லி வந்தேன், என்ன சொன்னேன், யார் எழுதிக்கொண்டார் என்று வரிசையாகச் சொல்லி, 1675 ஏப்ரல் என்று தேதியும் போட்டிருக்கிறார். புலம்பலும் இல்லை, பெருமையும் இல்லை. செய்த வேலை மட்டும்.

அந்தத் தாளை வான் ரீட் சும்மா சேர்த்திருக்க மாட்டார் என்பது என் கணிப்பு. கடல் தாண்டி இருப்பவன் நூலை நம்ப வேண்டுமானால் உள்ளூர் வைத்தியன் சாட்சி வேண்டும். உன் பெயர் இருந்தால் சரக்குக்கு மதிப்புக் கூடும் என்று தெரிந்தால் எந்த மேலதிகாரியும் அதைப் போடுவார். உன் பிடி அங்கேதான்.

ஆகவே அடுத்த முறை அறிக்கையின் அடியில், மாதிரி எடுத்த கோடவுன், தேதி, சோதித்தவர் என்று உன் பெயரோடு ஒரு வரி சேர். வாங்குபவர் கேள்வி கேட்டால் யாரிடம் கேட்பது என்பதற்கு அது வேண்டும் என்று மேனேஜரிடம் சொல். கோப்பைப் பென்டிரைவில் கொடுக்காதே. மெயிலில் அனுப்பு, தேதி தானாக நிற்கும். கம்பெனி சார்பில் கையெழுத்துப் போடுவது அவர் வேலை, அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. ‘நானே செய்தேன்’ என்று சொன்னால்தான் குற்றம். அப்படிச் சொன்னால், பத்துப் பேர் நடுவில் பாயாமல், கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கேள். டீக்கடையில் மட்டும் பேசாதே; சொன்னது சாயங்காலத்துக்குள் அவர் காதுக்குப் போய்விடும். சம்பள உயர்வு பேசும் நாளில் அந்த மெயில்களை எடுத்து வை. அந்த வரியையும் அவர் அடித்துவிட்டு அனுப்புகிறார் என்றால், அப்போது வேறு இடம் தேடு. அதே மெயில்கள் அங்கேயும் உனக்காகப் பேசும்.

இன்னொன்று. வான் ரீடுக்காகக் காட்டில் புகுந்தும் மரம் ஏறியும் இலையும் காயும் கொண்டுவந்தவர்கள் உண்டு. அவர்களிடம் யாரும் சான்று வாங்கவில்லை, பெயர் போய்விட்டது. முறத்தில் புடைத்துப் பார்த்தே ‘இது நனைஞ்ச சரக்கு’ என்று உனக்குச் சொல்லிக் கொடுத்த கோடவுன் அக்காமாரைப் பற்றிப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். உன் அறிக்கையில் அவர்கள் பெயர் இருந்ததா? மேனேஜரிடம் நியாயம் கேட்கப் போகும் முன் அதைச் சேர்த்துவிட்டுப் போ.

அன்புடன்,
மாமா