யாஸ் தீவுக்குப் போகும் மருமகனுக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. உன் அம்மாவான என் அக்காவுக்கும் அத்தானுக்கும் விசா வந்துவிட்டது, ஜூலையில் துபாய்க்கு வருகிறார்கள் என்று நீ சொன்னதிலிருந்து இங்கே வீட்டில் அதே பேச்சுதான். ஒருநாள் அவர்களையும் பிள்ளைகளையும் அபுதாபி யாஸ் தீவுக்குக் கூட்டிப்போய், பெராரி வேர்ல்டு, வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டு இரண்டையும் காட்டிவிட வேண்டும் என்கிறாய். நல்ல எண்ணம். நான் அதே அபுதாபியின் முசாபா பகுதியில் வேலை பார்த்த காலத்தில் ஊரிலிருந்து வந்த குடும்பங்கள் பலவற்றை அந்தத் தீவுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். சிரித்துக்கொண்டே திரும்பியவர்கள் உண்டு. காரில் ஒருவரோடொருவர் முகம் கொடுத்துப் பேசாமல் திரும்பியவர்களும் உண்டு. அந்த நாளை யாருடைய வேகத்தில் நடத்தினார்கள் என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஒரே நாளில் இரண்டு பூங்கா வேண்டாம். சேர்த்து வாங்கினால் டிக்கெட் மலிவாக இருக்கலாம். ஆனால் பெராரி வேர்ல்டு வேகத்துக்கென்றே கட்டப்பட்ட இடம். 2010-இல் திறந்தார்கள். அங்கே ஃபார்முலா ரோஸா என்ற ரோலர் கோஸ்டர், கிளம்பிய ஐந்து விநாடிக்குள் மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தை எட்டிவிடும். பூங்காவின் சிவப்புக் கூரைக்கு வெளியே திறந்தவெளியில் ஓடுவதால் கண்ணில் மணல் அடிக்காமலிருக்கக் கண்ணாடி மாட்டித்தான் ஏற்றுவார்கள். உன் வயசுக்கும் உன் நண்பர்களுக்கும் அது பிரமாதமான இடம். அவர்களோடு வேறொரு நாள் போய் ஆசை தீர ஏறு. மூட்டு வலியோடு நடக்கும் அக்காவையும் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் அத்தானையும் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு நீ வரிசையில் நிற்பதற்கு ஒரு குடும்ப நாளைச் செலவழிக்காதே.

குடும்பத்தோடு போக வார்னர் பிரதர்ஸ் வேர்ல்டுதான் சரி. 2018 ஜூலையில் திறந்த அந்தப் பூங்கா முழுவதும் ஒரே கூரைக்குள், குளிரூட்டிய கட்டடத்துக்குள் இருக்கிறது. ஆறு பகுதிகள். சூப்பர்மேனுக்கு மெட்ரோபோலிஸ், பேட்மேனுக்குக் கோதம் நகரம், டாம் அண்ட் ஜெர்ரிக்கும் பக்ஸ் பன்னிக்கும் கார்ட்டூன் ஜங்ஷன், ஃபிளின்ட்ஸ்டோன்ஸ் குடும்பத்துக்குப் பெட்ராக், ரோட் ரன்னருக்கு டைனமைட் கல்ச், எல்லாவற்றுக்கும் வாசலாக ஒரு பிளாசா. இதில் அக்காவுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்பதை மறந்துவிடாதே. டாம் அண்ட் ஜெர்ரியின் முதல் படம் 1940-இல் வந்தது. உன் அம்மா பிறப்பதற்கும் முன்னால். பெரும்பாலும் பேச்சே இல்லாத கதை என்பதால் மொழி தெரியாமலே யாரும் சிரிக்கலாம். கோவில்பட்டி வீட்டில் உன்னை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் அந்தப் பூனையையும் எலியையும் பார்த்து அக்கா கண்ணில் நீர் வரச் சிரித்தவள். ஆகவே உள்ளே போனதும் கோதம் பக்கம் ஓடாதே, முதலில் கார்ட்டூன் ஜங்ஷனுக்குப் போ. பாட்டியும் பேரனும் பேத்தியும் ஒன்றாகச் சிரிக்கக்கூடிய இடத்தில் நாள் தொடங்கட்டும்.

எந்தச் சவாரியில் யார் ஏறலாம் என்பதைக் கிளம்புவதற்கு முந்தின இரவே முடிவு செய்துகொள். ரோலர் கோஸ்டர் என்றால் நம் ஆட்களே பயந்து ஒதுங்கிவிடுவார்கள். திரையைப் பார்த்தபடி நாற்காலி ஆடும் சவாரிகளில்தான் ஏமாந்து போகிறார்கள். உட்கார்ந்து படம் பார்ப்பதுதானே என்று ஏறிவிடுவார்கள். கண் பறப்பதாகச் சொல்லும், காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு அதை ஒப்புக்கொள்ளாது. அந்த முரண்பாட்டில் தலை சுற்றும், குமட்டும். அக்காவுக்கு ஏற்கெனவே பஸ்ஸில் போனாலே வாந்தி வரும். அவளை அதில் ஏற்றாதே. அத்தான் ஆசைப்பட்டு ஏறி, மயக்கமாக உணர்ந்தால் உடனே கண்ணை மூடிக்கொள்ளச் சொல். படகில் போகும் பெட்ராக் சவாரியும் ஸ்கூபி டூ அருங்காட்சியகச் சவாரியும் பெரியவர்களும் சேர்ந்து ஏறுவதற்குத் தோதானவை. படகு இறங்கும்போது தண்ணீர் தெறிக்கும் என்று அக்காவிடம் முன்னாலேயே சொல்லிவிடு.

சின்னவன் விஷயத்தில் ரொம்பக் கவனம் வேண்டும். சவாரி வாசலில் உயரம் அளக்கும் பலகை இருக்கும். ஒரு விரல்கடை குறைந்தாலும் விடமாட்டார்கள். ஊழியரிடம் கெஞ்சாதே, நுனிக்காலில் நிற்கச் சொல்லியும் கொடுக்காதே. மடிமேல் வந்து அழுத்தும் கம்பி குறிப்பிட்ட அளவு உடம்பைப் பிடித்து நிறுத்துவதற்காகவே செய்யப்பட்டது. அதைவிடச் சின்ன உடம்பு அதன் அடியில் நழுவிவிடும். இந்தக் காரணத்தைப் பிள்ளையிடம் சொன்னால் அவனுக்குப் புரியும். ஏற அனுமதி இருந்தும் அவன் பயந்தால், அதோடு விட்டுவிடு. ‘உன் அக்கா ஏறுகிறாள், நீ ஆம்பளப் பிள்ளையா?’ என்று கேட்டு அவனைத் தள்ளி ஏற்றும் தகப்பன்மார்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். இறங்கும்போது அந்தப் பிள்ளைகளின் முகத்தில் வீரம் இருந்ததில்லை. கூட வந்தவரை நம்ப முடியாமல் போன கலக்கம்தான் இருந்தது. நான்கு வயசில் பயப்படுவது அவன் உரிமை. பயமாக இருக்கிறது என்று அவன் வாய்விட்டுச் சொன்னால், சொன்னதற்காகவே அவனை மெச்சு.

சவாரியைத் திடீரென்று நிறுத்திப் பரிசோதிக்கிறார்கள் என்றால் ஊழியரிடம் சண்டைக்குப் போகாதே. கனடாவின் எட்மண்டனில் ஒரு பெரிய வணிக வளாகத்துக்குள் இப்படிப்பட்ட உள்ளரங்கப் பூங்கா 1980-களிலேயே வந்துவிட்டது. அங்கே மைண்ட்பெண்டர் என்ற ரோலர் கோஸ்டரில் 1986 ஜூன் 14 அன்று கடைசிப் பெட்டியின் சக்கரத் தொகுதி கழன்று மூன்று பேர் இறந்தார்கள். சில போல்ட்டுகள் இல்லாமல் போனதுதான் காரணம். ஒரு மணி நேரம் காத்திருந்து நம் முறை வரும்போது ‘இப்போது ஓடாது’ என்று சொல்லும் ஊழியர், அப்படியொரு போல்ட்டைத் தேடித்தான் நிறுத்துகிறார். அவருக்கு நன்றி சொல்லிவிட்டு நகர்ந்து போ. உன் பிள்ளைகள் அதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளட்டும்.

உள்ளரங்கப் பூங்காவுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அங்கே பொழுது தெரியாது. ஜன்னல் இல்லை, மேலே தெரிவது வரைந்தும் ஒளிபாய்ச்சியும் உண்டாக்கிய வானம். கோதம் நகரில் எந்நேரமும் இரவு. சூரியன் சாய்வதைப் பார்த்து ‘போதும், கிளம்பலாம்’ என்று சொல்லும் நம் உடம்பின் பழக்கம் அங்கே வேலை செய்யாது. பிள்ளைகள் களைப்பே தெரியாமல் ஓடி, ஒரு நொடியில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பிப்பார்கள். பெரியவர்கள் மாத்திரை நேரத்தைத் தவறவிடுவார்கள். அதனால் கைக்கடிகாரத்தைப் பார்த்து நடத்து. அத்தானுக்குச் சர்க்கரையும் இருக்கிறது. பசிக்கவில்லை என்று அவர் சொன்னாலும் பன்னிரண்டரைக்குச் சாப்பிட உட்கார வைத்துவிடு. வெளிச் சாப்பாட்டை உள்ளே கொண்டுபோக விடமாட்டார்கள். காலையில் வீட்டிலேயே இட்லி சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். மருந்து, சர்க்கரை இறங்கினால் கொடுக்க ஏதாவது இனிப்பு, சின்னவனுக்கான பால் இவற்றை வாசலில் சொல்லிவிட்டு எடுத்துப் போ.

வெளியே நாற்பத்தைந்து டிகிரி, உள்ளே பல்லைக் கிட்டவைக்கும் குளிர். அக்கா நூல் புடவையோடு வருவாள். அவளுக்கு ஒரு சால்வை எடுத்துவை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளச் சொல், ஓடும் வண்டியில் துணி தொங்கக் கூடாது. புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்து அன்றைக்கே போடச் சொல்லாதே. வாசலில் சக்கர நாற்காலி கேட்டு வாங்கிக்கொள். ‘எனக்கெதுக்கு இது, நான் நல்லாத்தானே நடக்கிறேன்’ என்பாள். பை வைக்கவாவது இருக்கட்டும் என்று சொல்லித் தள்ளிக்கொண்டு போ. மத்தியானத்துக்கு மேல் அவளே உட்காருவாள்.

சனி, ஞாயிறு வேண்டாம். 2022-இல் அங்கே வார விடுமுறை அந்த இரண்டு நாட்களுக்கு மாறியதிலிருந்து கூட்டமும் அன்றைக்குத்தான். செவ்வாயோ புதனோ ஒருநாள் லீவு போடு. பிள்ளைகளின் சட்டைப்பையில் உன் கைபேசி எண்ணை எழுதி வை. வழி தவறினால் பிளாசாவில் கூடுவது என்று எல்லாரும் பேசி வைத்துக்கொள்ளுங்கள், பெரியவர்களுக்கும் சேர்த்துத்தான்.

இனி காசு விஷயம். நாள் கெடுவது பெரும்பாலும் இதில்தான். டிக்கெட் விலை நம் வீட்டுக்குச் சின்னத் தொகை இல்லை. ஒரு திர்ஹத்துக்கு இருபது ரூபாய்க்கு மேல் என்று அக்கா மனசுக்குள் பெருக்கிக்கொண்டே இருப்பாள். தண்ணீர் பாட்டில் விலையைக் கேட்டதும் தாகமில்லை என்று சொல்லிவிடுவாள். தீப்பெட்டி ஒட்டிய கூலியில் உனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டியவள் அவள். அந்தக் கணக்கை அவள் மறக்க மாட்டாள், மறக்கச் சொல்வதும் நியாயமில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றுதான்: விலையை அவள் காதில் போடாதே. டிக்கெட்டை முன்கூட்டியே வாங்கிவிடு. தண்ணீர் வேண்டுமா என்று கேட்காமல் வாங்கிக் கையில் கொடு. நினைவுப் பொருள் கடைகள் போகிற வழியெல்லாம் கண்ணில் படும். ஆளுக்கு ஒரு பொருள், இன்ன விலைக்குள் என்று பிள்ளைகளிடம் வீட்டிலேயே பேசி முடித்துவிடு. கடைக்குள் நின்று அவர்களை அழவைக்காதே.

கொடுத்த காசை வசூலித்துவிட வேண்டும் என்று நீயும் ஓடக்கூடாது. 29 சவாரிகளும் காட்சிகளும் இருந்தால் இருபத்தொன்பதையும் முடித்தாக வேண்டும் என்று வேகுவேகென்று நடக்கும் குடும்பங்களை அங்கே பார்ப்பாய். முன்னால் அப்பா வரைபடத்தோடு, நடுவில் அழும் பிள்ளை, கடைசியில் மூச்சிரைக்கப் பாட்டி. டிக்கெட் வாங்கிய நிமிஷமே அந்தக் காசு செலவாகிவிட்டது. ஏழு சவாரி ஏறினாலும் இருபது ஏறினாலும் அது திரும்பி வராது. கையில் மிச்சமிருப்பது அந்த ஒரு நாள் மட்டும்தான். கூட்டத்தில் மெதுவாக நடப்பவர் யாரோ அவர் நடைக்கு எல்லாரும் நடந்தால் அது குடும்பத்தோடு போன நாள். உன் மனைவியையும் இதில் மறந்துவிடாதே. எல்லாருக்கும் பை தூக்கி, எல்லாருக்கும் போட்டோ எடுத்து, ஒரு போட்டோவிலும் தான் இல்லாமல் வீடு திரும்பும் பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அவள் ஆசைப்படும் சவாரியில் அவள் ஏறட்டும், பிள்ளைகளை நீ வைத்துக்கொள்.

இன்னொன்றும் பிள்ளைகளுக்குக் காட்டு. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை அந்த நாட்டில் மத்தியானம் பன்னிரண்டரை மணியிலிருந்து மூன்று மணி வரை வெயிலில் வேலை வாங்கக்கூடாது என்று சட்டம். நீங்கள் போகும் காலை நேரத்தில், வழியில் கட்டட வேலை நடக்கும் இடங்களில் தொழிலாளர்கள் வெயிலில் நின்று வேலை செய்துகொண்டிருப்பார்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்களும் இருப்பார்கள். நாம் குளிர்ந்த காற்றில் நடக்கும் தளங்களையெல்லாம் இந்த வெயிலில் நின்று கட்டியது இவர்களைப் போன்றவர்கள்தான் என்று பேத்தியிடம் சொல். ஒன்பது வயசில் அவளுக்கு விளங்கும். உள்ளே வேலை செய்யும் பிள்ளைகளும் வீட்டை விட்டு வெகுதூரம் வந்தவர்கள். கதவைத் திறந்துவிடுபவருக்கும் தட்டை எடுப்பவருக்கும் நன்றி சொல்லப் பழக்கு.

கடைசியாக ஒன்று. நாலு மணிக்கு அக்கா ‘கிளம்பலாமா’ என்று கேட்டால், இன்னும் பார்க்காத சவாரிகளைக் கணக்குப் போடாமல் கிளம்பிவிடு. அவள் இதுவரை போனதெல்லாம் யாருக்காகவோ போன பயணங்கள்: பிரசவம் பார்க்க, ஆஸ்பத்திரியில் துணைக்கு இருக்க, நேர்த்திக்கடன் செலுத்த. எங்கே போகலாம் என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. வார்னர் பிரதர்ஸ் வாசலில் நின்று அந்தக் கேள்வியை முதலில் அவளிடம் கேள். அவள் எந்தப் பக்கம் கையைக் காட்டுகிறாளோ அந்தப் பக்கம் போங்கள்.

பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். உன் மனைவிக்கும் அத்தானுக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
உன் மாமா