டாக்டர்னு கூப்பிட்டா உடனே திருத்திடு!

தங்கச்சி, டி.எச்.எல்.எஸ். (கேட்டல், மொழி, பேச்சு டிப்ளமோ) முடிச்சு வேலைக்குச் சேரப்போறே, ரொம்ப சந்தோஷம். முதல்ல ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு கைக்கு வந்துடுச்சான்னு பார்த்துக்கோ. 1992-ம் வருஷ ஆர்.சி.ஐ. சட்டப்படி அவங்க பதிவேட்டில் பேர் இருக்கணும்.

ஆடியோமீட்டர் முன்னாடி உட்கார்ந்துட்டாலே எல்லாரும் உன்னை டாக்டரம்மான்னுதான் கூப்பிடுவாங்க. "நான் டெக்னீஷியன்ங்க, ஆடியாலஜிஸ்ட் மேடம் உள்ளே இருக்காங்க"ன்னு அப்பவே சொல்லிடு. சொல்லாம விட்டா அடுத்த கேள்வி "பிள்ளைக்கு என்ன குறை?"ன்னு வரும். அதுக்குப் பதில் சொல்ற உரிமை உனக்குக் கிடையாது.

பிரசவ வார்டில் பிறந்த குழந்தைக்கு ஓ.ஏ.இ. (காது கேட்குதான்னு பார்க்கிற முதல்கட்ட டெஸ்ட்) பார்க்கும்போது இன்னும் கவனமா இரு. மெஷின் சில நேரம் 'ரெஃபர்'னு, அதாவது மேற்கொண்டு பார்க்கணும்னு, காட்டும். பெத்தவ உன் முகத்தையே பார்த்துக்கிட்டு இருப்பா. பிறந்த முதல் ஒண்ணு ரெண்டு நாள்ல காதுக்குள்ள ஈரமும், பிறக்கும்போது ஒட்டியிருக்கிற வெள்ளை மாவும் இருந்தாலே அப்படிக் காட்டலாம். அதனால "காது கேக்கலை"ன்னு சொல்லிடாதே. "ஒண்ணுமில்லம்மா, சரியாயிடும்"னும் சொல்லாதே. என்னைக் கேட்டா இந்த ரெண்டாவதுதான் பெரிய ஆபத்து. ஆறுதல் கிடைச்சவங்க திரும்பி வர மாட்டாங்க. குறை இருந்தா 3 மாசத்துக்குள்ள கண்டுபிடிச்சு, 6 மாசத்துக்குள்ள சிகிச்சை ஆரம்பிச்சாகணும். "மறுபடி ஒரு தடவை பார்க்கணும், இந்தத் தேதிக்கு வாங்க"ன்னு சீட்டுல எழுதிக் கொடு. போன் நம்பர் வாங்கிக்கோ. வரலைன்னா நீயே கூப்பிடு.

ஹியரிங் எய்டோட இயர் மோல்டுக்குக் காதுல அச்சு எடுக்கிறதுக்கு முன்னாடி ஓட்டோஸ்கோப்ல பார்க்காம இருக்காதே. சீழ் இருந்தாலோ, செவிப்பறை தெரியலைன்னாலோ நிறுத்திட்டு மேடத்தைக் கூப்பிடு. நூல் கட்டின அடைப்பை உள்ளே வச்ச பிறகுதான் அச்சு மாவை விடணும். வெளியே எவ்வளவு பெரிய வரிசை நின்னாலும் சரி.

ஊனச் சான்றிதழுக்கு வர்றவங்க சிலர், "கொஞ்சம் கூட்டிப் போடும்மா, 40 சதவீதம் வந்தா உதவித்தொகை கிடைக்கும்"னு கெஞ்சுவாங்க. அவங்க கஷ்டம் உண்மையாவே இருக்கலாம், கேக்கிறப்போ மனசு வலிக்கும். இருந்தாலும் எந்த டெசிபல்ல கை தூக்கினாங்களோ அதை மட்டும்தான் ஆடியோகிராம்ல குறிக்கணும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி பொய் சொல்லிச் சலுகை வாங்கினா 2 வருஷம் வரை ஜெயில், 1 லட்சம் வரை அபராதம், இல்லைன்னா ரெண்டும். பதில்கள் முன்னுக்குப் பின் முரணா இருந்தா "நடிக்கிறீங்களா?"ன்னு கேட்டுடாதே. காதுல மெழுகு இருக்கலாம், பயந்திருக்கலாம், நீ சொன்னது புரியாமலும் இருக்கலாம். மறுபடி விளக்கிச் சொல்லிப் பாரு. அப்பவும் சரியா வரலைன்னா மேடத்துக்கிட்ட சொல்லு. பெரா (கை தூக்கவே தேவையில்லாம, சத்தத்துக்கு நரம்பும் மூளையும் காட்டுற பதிலை அளக்கிற டெஸ்ட்) எடுக்கணுமான்னு அவங்க முடிவு பண்ணுவாங்க.

ஹியரிங் எய்டு கம்பெனிக்காரர் கமிஷன் கொடுத்தா வாங்காதே. அந்தக் காசு நோயாளியோட பில்லுலதான் ஏறும். பேச்சுத் தெரபிக்கு வர்ற பிள்ளையோட வீடியோவை ஸ்டேட்டஸ்ல போடாதே, முகம் மறைச்சாலும் குரலை வச்சே ஊர்ல கண்டுபிடிச்சிடுவாங்க. நடக்காத செஷனை நோட்டுல எழுதாதே. "எப்போ பேசுவான்?"னு பெத்தவங்க கேட்டா மாசக் கணக்கு சொல்லாதே. போன வாரம் முடியாதது இந்த வாரம் என்ன முடிஞ்சுதுன்னு காட்டு. 'ப'ன்னு உதட்டைச் சேர்த்தான்னா அதைச் சொல்லு.

சில இடத்துல மேலதிகாரி கையெழுத்துப் போட்ட வெத்து ரிப்போர்ட் தாளை உன்கிட்ட கொடுத்துட்டு வெளியே போயிடுவாங்க. அதை நிரப்பாதே. மரியாதையாவே ஒரு மெசேஜ் போட்டு வை: "மேடம், இன்னிக்கு டெஸ்ட் முடிச்சு ஆடியோகிராம் ஃபைல்ல வச்சிருக்கேன். நீங்க பார்த்த பிறகு ரிப்போர்ட் தரலாம்னு நோயாளியை வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கேன்." அந்த மெசேஜை அழிக்காம வச்சுக்கோ.