வழியை மாற்றும் வேளை



சித்திரைத் திருவிழா நாட்களில் நம் மதுரையின் மாசி வீதிகளை நினைத்துப் பாருங்கள். தேரோட்டத்தன்று அவ்வீதிகளில் பேருந்தும் லாரியும் நுழைய இயலாது. எந்த வண்டி எந்தச் சாலை வழியே சுற்றிச் செல்ல வேண்டும் என்பதைக் காவல் துறையினர் முன்னதாகவே அறிவித்துவிடுகின்றனர். மக்களும் அதை நாளிதழில் படித்துத் தம் பயணத்தை அமைத்துக்கொள்கின்றனர். அதே அறிவிப்பைத் தேர் நகரத் தொடங்கிய பின், கூட்டத்தின் நடுவே நின்று செய்தால் என்ன ஆகும்? சொல்லும் வழி சரியானதாகவே இருக்கலாம். ஆனால் வேளை தவறிவிட்டதே!

கணிப்பொறிகளை இணைக்கும் வலைப்பின்னல்களைப் பராமரிப்போரும் இதே கேள்வியை எதிர்கொள்கின்றனர். வழிகாட்டும் கட்டளைகளை எப்போது மாற்றுவது? எப்போது தொடாமல் விடுவது? இதனைச் சற்று விளக்கமாகக் காண்போம்.

வழி சொல்லும் பெட்டி

ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகம் மதுரையிலும், கிளைகள் திருமங்கலம், உசிலம்பட்டி, தேனி ஆகிய ஊர்களிலும் இருப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அலுவலகத்திலும் ‘ரூட்டர்’ என்னும் பெட்டி ஒன்று இருக்கும். தேனியிலிருந்து மதுரைக்குப் போக வேண்டிய செய்தி உசிலம்பட்டி வழியாகச் செல்வதா, திருமங்கலம் வழியாகச் செல்வதா என்று முடிவு செய்வது அதன் வேலை. சாலைச் சந்திப்பில் நிற்கும் காவலரைப் போன்றது அது.

இவ்வழிகளை நாமே ஒவ்வொரு ரூட்டரிலும் எழுதி வைக்கலாம். ஆனால் சாலை தோண்டும்போது கம்பி அறுந்துவிட்டால், யாராவது வந்து மாற்றி எழுதும் வரை செய்தி நின்றுவிடும். ஆகவே ரூட்டர்கள் தமக்குள் பேசிக்கொண்டு வழியைத் தாமே கண்டறிய விதிகள் வகுக்கப்பட்டன. இவையே ‘ரூட்டிங் புரோட்டோகால்’, அதாவது வழித்தேர்வு நெறிமுறைகள். ஒரு நிறுவனத்துக்குள் பெரும்பாலும் ஓ.எஸ்.பி.எஃப். என்னும் நெறிமுறை பயன்படுகிறது. நிறுவனத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே, உலகெங்கும், பயன்படுவது பி.ஜி.பி.

ஓ.எஸ்.பி.எஃப். நெறிமுறையில் மிகக் குறைந்த செலவுள்ள வழியைக் காணும் கணக்கு, டச்சு அறிஞர் டைக்ஸ்ட்ரா 1959-இல் வெளியிட்டது. இந்நெறிமுறையில் அண்டை ரூட்டர்கள் வழக்கமாகப் 10 விநாடிக்கு ஒருமுறை ஒன்றையொன்று நலம் விசாரிக்கும். 40 விநாடி வரை பதில் வராவிடில், “அண்டை வீட்டார் இல்லை” என்று முடிவுகட்டி வேறு வழியைக் கணக்கிடும். இந்த 10, 40 என்னும் எண்களும், ஒவ்வொரு வழிக்கும் உரிய செலவும், எதை ஏற்பது எதைத் தள்ளுவது என்னும் வடிகட்டியும் சேர்ந்தவையே ரூட்டரின் அமைப்புக் கட்டளைகள். நலம் விசாரிக்கும் இடைவெளி இருபுறமும் ஒன்றாக இருந்தால்தான் உறவு நிலைக்கும். ஒருபுறம் மட்டும் எண்ணை மாற்றினால் கம்பி அறுபடாமலே தொடர்பு அறுந்துவிடும். ஒரு சிறு எண்ணுக்கு எத்தனை வலிமை பார்த்தீர்களா?

தேனியில் காத்திருந்த கண்கள்

இது வெறும் இயந்திரச் செய்தி என்று எண்ண வேண்டாம். மதுரையில் 1976-ஆம் ஆண்டு டாக்டர் கோ. வெங்கடசாமி அவர்களால் 11 படுக்கைகளுடன் தொடங்கப்பட்ட அரவிந்த் கண் மருத்துவமனையை நாம் அனைவரும் அறிவோம். அதன் தேனிக் கிளையைச் சுற்றியுள்ள ஊர்களில் கண் பரிசோதனை மையங்கள் அமைந்தன. 2000-க்குப் பிந்தைய ஆண்டுகளில், அமெரிக்காவின் பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், உயர்ந்த கோபுரங்களில் ஆன்டெனாக்களைப் பொருத்தி, வைஃபை அலைகளைப் பல கிலோமீட்டர் தொலைவுக்குச் செலுத்தி, அம்மையங்களைத் தேனி மருத்துவமனையுடன் இணைத்தனர். கிராம மையத்தில் பயிற்சி பெற்ற பணியாளர் நோயாளியின் கண்ணைச் சோதிப்பார். தேனியிலிருக்கும் மருத்துவர் திரையில் அந்நோயாளியைக் கண்டு பேசி ஆலோசனை கூறுவார். இத்தகைய கண் மருத்துவப் பணிக்கு நம் கிராமப்புறப் பெண்கள் பலர் பயிற்சி பெற்று வருவது நமக்குப் பெருமை அன்றோ!

இப்போது சிந்தியுங்கள். கூலி வேலையை ஒரு நாள் விட்டு, பேருந்துக்குக் காசு சேர்த்து வந்த மூதாட்டி ஒருவர் திரைமுன் அமர்ந்திருக்கிறார். அந்நேரம் பார்த்து ஒருவர், “ஒரு சிறு மாற்றம்தானே” என்று ரூட்டரின் கட்டளையைத் திருத்துகிறார். தொடர்பு அறுந்துவிடுகிறது. திருத்தம் நல்லதாகவே இருந்தாலும், அந்த மூதாட்டிக்கு அது இழப்பே. வலைப்பின்னலின் மறுமுனையில் எப்போதும் ஒரு மனிதர் காத்திருக்கிறார் என்பதை மறத்தலாகாது.

தள்ளிப் போட்டதால் வந்த கேடு

அப்படியானால் எதையும் தொடாமலே இருந்துவிடலாமா? அதுவும் பிழையே.

வைகை அணையின் முழுக் கொள்ளளவு 71 அடி. நீர்மட்டம் 66 அடியை எட்டும்போது கரையோர மக்களுக்கு முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது; 69 அடியில் மூன்றாவது. வெள்ளம் வருமுன்பே மக்கள் மேட்டுக்குச் செல்ல இந்த ஏற்பாடு. ரூட்டரின் நினைவகமும் ஓர் அணை போன்றதே. அதில் இவ்வளவு வழிகளைத்தான் வைக்க முடியும் என்ற எல்லை உண்டு.

உலக வலைப்பின்னலின் வழிகள் ஆண்டுதோறும் பெருகி வந்தன. பழைய ரூட்டர்கள் சிலவற்றில் ஏறக்குறைய 5 லட்சத்து 12 ஆயிரம் வழிகளுக்கே இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த எல்லை நெருங்குவதைப் பலரும் கண்டனர். அவற்றைச் செய்த சிஸ்கோ நிறுவனமும் 2014 மே மாதத்திலேயே எச்சரித்தது. இட ஒதுக்கீட்டை மாற்ற ஒரு கட்டளை போதும். ஆயினும் அதன்பின் ரூட்டரை ஒருமுறை நிறுத்தித் தொடங்க வேண்டும். அச்சிறு நிறுத்தத்துக்கு அஞ்சியும், “பிறகு பார்ப்போம்” என்றும் பலர் தள்ளிப் போட்டனர். 2014 ஆகஸ்ட் 12 அன்று எண்ணிக்கை எல்லையைத் தாண்டியது. உலகின் பல இடங்களில் ரூட்டர்கள் தடுமாறின. இணையத் தளங்கள் பல முடங்கின. நாம் வேளையைத் தேர்ந்தெடுக்கத் தவறினால், இயந்திரம் தனக்குத் தோன்றிய வேளையைத் தேர்ந்தெடுத்துவிடும்.

துணிந்து மாற்றியதால் வந்த கேடு

இதற்கு நேர்மாறான நிகழ்ச்சி கனடா நாட்டில் நடந்தது. தமிழர் பலர் வாழும் டொரன்டோ நகரைத் தலைமையிடமாகக் கொண்டது ரோஜர்ஸ் தொலைத்தொடர்பு நிறுவனம். அது தன் வலைப்பின்னலின் மையப் பகுதியை ஏழு கட்டங்களாகப் புதுப்பித்து வந்தது. ஐந்து கட்டங்கள் நன்றாகவே முடிந்தன. 2022 ஜூலை 8 அன்று விடியற்காலையில், ஆறாம் கட்டத்தில், சில ரூட்டர்களிலிருந்து ஒரு வடிகட்டி நீக்கப்பட்டது. உடனே அளவுக்கு மீறிய வழிச் செய்திகள் மைய ரூட்டர்களுக்குள் வெள்ளமெனப் புகுந்து அவற்றைச் செயலிழக்கச் செய்தன. ஒரு கோடியே 20 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்கள் தொலைபேசியும் இணையமும் இழந்தனர். அவசர உதவிக்கு 911 என்னும் எண்ணை அழைக்கவும் பலரால் இயலவில்லை.

கவனியுங்கள்: அவர்கள் தேர்ந்தெடுத்த வேளை விடியற்காலை, ஊர் உறங்கும் நல்ல வேளை. பின் எங்கே பிழை? முதலில் இப்பணியை ‘மிகுந்த ஆபத்துள்ளது’ என்றே மதிப்பிட்டிருந்தனர். முன் கட்டங்கள் வெற்றியாக முடிந்ததைக் கண்டு, அம்மதிப்பைக் ‘குறைந்த ஆபத்து’ என்று மாற்றிக்கொண்டனர். நேற்றைய தேர்வில் நூறு மதிப்பெண் வாங்கியதால் இன்றைய தேர்வுக்குப் படிக்காமல் போவது போன்றது அது! மேலும், பழுதைச் சரிசெய்யப் பொறியாளர்கள் உள்ளே நுழைய வேண்டிய வழியும் பழுதான அதே வலைப்பின்னலின் வழியாகவே அமைந்திருந்தது. வீட்டுச் சாவியை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிய கதைதான்.

மூன்று கேள்விகள்

திருக்குறளில் வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்னும் மூன்று அதிகாரங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. அம்மூன்று பெயர்களையே நம் கேள்விகளாகக் கொள்ளலாம்.

முதலாவது, வலி. மாற்றுவதற்குத் தக்க காரணம் உண்டா? புதிய கிளை சேர்தல், பாதுகாப்புக் குறை வெளிப்படுதல், கொள்ளளவு நெருங்குதல், செய்திகள் தேவையின்றிச் சுற்றிச் செல்வதைக் காணுதல் ஆகியவை தக்க காரணங்கள். “புதிதாக வந்திருக்கிறது”, “அடுத்த நிறுவனத்தார் செய்துவிட்டார்கள்” என்பவை காரணம் ஆகா. தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் வலிமை உண்டா என்பதையும் இங்கேயே பார்க்க வேண்டும். பழைய கட்டளைகளின் படி ஒன்றை எடுத்து வைத்தல், திரும்பும் முறையைத் தாளில் எழுதி வைத்தல், ரூட்டரை எட்ட இரண்டாவது வழி ஒன்றை வைத்திருத்தல் ஆகியவை இன்றியமையாதவை.

இரண்டாவது, காலம். பயன்படுத்துவோர் மிகக் குறைவாக உள்ள நேரம் எது? சம்பள நாள், தேர்வு முடிவு வெளியாகும் நாள், பண்டிகைக்கு முந்தைய வாரம் ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டும். விவரம் தெரிந்தவர் விடுப்பில் இருக்கும் நாளும் ஆகாது. வெள்ளி மாலையில் மாற்றிவிட்டு வீட்டுக்குப் போவதும் நன்றன்று. பழுது வெளிப்படும்போது பார்க்க ஆள் இருக்க வேண்டுமே! பாதிக்கப்படக் கூடியவர்களுக்கு முன்னதாகச் சொல்லிவிடுதல் கடமை. ஆனால் பாதுகாப்புக் குறையால் இன்றே ஆபத்து என்றால், வசதியான நாளுக்குக் காத்திராமல், அறிவித்துவிட்டு உடனே செய்வதே முறை.

மூன்றாவது, இடம். எந்த ரூட்டரை முதலில் தொடுவது? முன்னோட்டமாக, சிறிய கிளை ஒன்றில் செய்து சில நாட்கள் கவனிக்கலாம். ஓர் இணைப்பின் இருபுறமும் மாற்ற வேண்டுமானால் தொலைவில் உள்ளதை முதலில் மாற்ற வேண்டும். மதுரையில் இருந்துகொண்டு நலம் விசாரிக்கும் எண்ணை மதுரை ரூட்டரில் முதலில் மாற்றினால், தேனிக்குச் செல்லும் தொடர்பு அறுந்து, அங்குள்ளதைத் திருத்த நாம் பேருந்து ஏற வேண்டியிருக்கும். தேனியை முதலில் மாற்றினால், தொடர்பு அறுந்தாலும், நம் கைக்கெட்டும் மதுரை ரூட்டரை மாற்றியவுடன் அது மீண்டும் இணையும்.

தானே திரும்பும் ஏற்பாடு

தேனி வலைப்பின்னலை அமைத்த ஆய்வாளர்கள் தம் அனுபவங்களை 2008-இல் ஆய்வுக் கட்டுரையாக வெளியிட்டனர். கிராமங்களில் மின்சார ஏற்ற இறக்கத்தால் கருவிகள் பழுதாவதையும், அங்கு உடனே சென்று சரிசெய்ய ஆள் இல்லாததையும் அதில் எடுத்துக்காட்டினர். முதன்மை இணைப்பு அறுந்தாலும் கருவியை எட்ட வேறொரு வழி வேண்டும். புதிய மென்பொருள் சரிவர இயங்காவிட்டால் கருவி தானே பழைய நல்ல நிலைக்குத் திரும்ப வேண்டும் என்பவை அவர்கள் கற்ற பாடங்கள். ஜூனிப்பர் நிறுவனத்தின் ரூட்டர்களிலும் இத்தகைய கட்டளை ஒன்று உண்டு. மாற்றம் செய்தபின் குறித்த நேரத்துக்குள், பொதுவாகப் 10 நிமிடங்களுக்குள், “சரி” என்று மறுபடி உறுதிசெய்யாவிட்டால், ரூட்டர் பழைய கட்டளைகளுக்கே திரும்பிவிடும்.

இம்மலரைப் படிக்கும் பெற்றோரில் பலர் கடையோ அலுவலகமோ நடத்துபவர்களாக இருப்பீர்கள். உங்கள் வலைப்பின்னலைக் கவனிப்பவரிடம், “கட்டளைகளின் படி பத்திரமாக இருக்கிறதா? கடைசியாக எப்போது, எதற்காக மாற்றினீர்கள்?” என்று இரு கேள்விகள் கேட்டுப் பாருங்கள். நல்ல பணியாளரிடம் இரண்டுக்கும் எழுதிய விடை இருக்கும்.

மாணவியரே, உங்களில் சிலர் நாளை பொறியாளர்களாகி இப்பணியை ஏற்கக்கூடும். அன்று விரல்கள் விசைப்பலகையின் மேல் இருக்கும்போது, கடைசிப் பொத்தானை அழுத்துமுன் ஒரு கணம் நில்லுங்கள். மறுமுனையில் திரைமுன் அமர்ந்திருக்கும் அந்த மூதாட்டியை நினையுங்கள். அவர் வீடு போய்ச் சேர்ந்துவிட்டாரா என்று பாருங்கள், பிறகு மாற்றுங்கள்.